ஹக்கீம் ஒலாஜுவன் பேரைச் சொன்னாலே பழைய ரசிகர்கள் ஏன் உருகுகிறார்கள்?

அமெரிக்க பேஸ்கட்பால் லீக்கான என்பிஏவில் ஆடிய ஹக்கீம் ஒலாஜுவனைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பது இது: “ஹக்கீம் ஒலாஜுவன் ஆடி முடித்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மொத்தம் 2 சாம்பியன்ஷிப்தான், அதுவும் ஜோர்டன் ஒதுங்கியிருந்த நேரத்தில். அப்படியும் என்பிஏ பார்க்கிற பழைய ஆட்கள் அவர் பேரை எடுத்தாலே உருகுகிறார்கள். ஏன்? எந்த மேட்சைப் பார்த்தால் எனக்குப் புரியும்?” இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. அந்த உருக்கத்துக்கு ஆட்டத்தில் ஆதாரம் உண்டா, இல்லை சின்ன வயதில் பார்த்ததெல்லாம் பெரிதாகத் தெரிகிற கதையா என்றுதான் உண்மையில் கேட்கிறீர்கள். நியாயமான சந்தேகம். இரண்டும் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம். எது எவ்வளவு என்று பார்க்கலாம்.

நான் கல்லூரி அணியில் சென்டர் (கூடையருகே ஆடுகிற, வழக்கமாக அணியிலேயே உயரமான ஆள்) ஆடியவன். 6 அடி 1 அங்குலம் வைத்துக்கொண்டு சென்டர் ஆடினேன் என்றால் அணி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதன்பின் 18 வருஷமாகப் பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒலாஜுவன் ஆடியதை நான் நேரடி ஒளிபரப்பில் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பின்னால் கிடைத்த வீடியோக்கள், ஆனால் அவற்றைச் சலிக்கச் சலிக்கப் பார்த்திருக்கிறேன். அதனால் அவருடைய காலடிகளைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். அவர் அணியான ஹூஸ்டனின் அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குள் என்ன நடந்தது என்பதற்கு அவ்வளவு உத்தரவாதம் தர மாட்டேன்.

ஆட்டத்திலிருந்தே தொடங்குவோம். ‘டிரீம் ஷேக்’ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பலர் அதை ஒரே ஒரு வித்தை என்று நினைக்கிறார்கள். அது ஒன்றோடொன்று கோத்த பல அசைவுகள். கூடைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பந்து வருகிறது. சின்னதாக ஒரு துள்ளல் போட்டு, இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி பிடிக்கிறார். பார்ப்பவர் கண்ணில் அந்தத் துள்ளல் படவே படாது. ஆனால் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. இரண்டு காலிலும் ஒன்றாக இறங்கியவர் எந்தக் காலை வேண்டுமானாலும் பிவட்டாக (ஊன்றி நின்று, அதைச் சுற்றித் திரும்பும் காலாக) வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஒரு காலைத் தூக்கிய பிறகுதான் மற்றது பிவட் ஆகும். ஆக, பந்து கைக்கு வந்த நொடியில் அவருக்கு இடது பக்கமும் திறந்திருக்கிறது, வலது பக்கமும் திறந்திருக்கிறது. பின்னால் நிற்கிற டிஃபெண்டருக்கோ இரண்டையும் அடைக்க வேண்டிய கட்டாயம்.

அப்புறம் தோள். ஒரு தோளை மட்டும் லேசாகத் திருப்புவார், தலையும் அந்தப் பக்கமே போகும். டிஃபெண்டரின் எடை அந்தக் காலுக்கு மாறியதும் இவர் மறுபக்கம் சுழன்று, பேஸ்லைன் (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) ஓரமாகப் பின்னால் சாய்ந்தபடி ஷாட் போடுவார். அடுத்த முறை டிஃபெண்டர் அந்தச் சுழலுக்குத் தயாராக இருப்பான். அப்போது அதே சுழல், அதே சாய்வு, பந்தைத் தலைக்கு மேலே கொண்டுபோவார், ஆனால் எறிய மாட்டார். டிஃபெண்டர் எகிறிவிடுவான். இவர் அவன் கைக்குக் கீழே ஒரு எட்டு வைத்து நுழைந்து, பந்தைக் கூடையில் சும்மா வைத்துவிட்டு வருவார். முதல் அசைவு பலித்தால் இரண்டாவது தேவையில்லை. பலிக்காவிட்டால் அதுவே இரண்டாவதற்கான பொறி. அதிகாரபூர்வக் கணக்கில் 7 அடி உயரமும் 115 கிலோ எடையும் உள்ள ஒரு ஆள் இதை முன்பாதத்தில் நின்று, ஒரு கார்டு (பந்தைத் தட்டிக் கொண்டுபோகிற, குட்டையான ஆட்டக்காரர்) மாதிரிச் செய்தார். பெரிய உடம்புக்காரர்கள் இடித்துத் தள்ளி இடம் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது.

எங்கள் கோர்ட்டில் வளர்ந்த பையன் ஒருவன் இதை வீடியோவில் பார்த்துவிட்டு வந்து செய்து காட்டினான். முதல் நாள் மூன்று முறை செய்தான், மூன்று முறையும் டிராவல் (பந்தோடு விதி மீறிக் காலெடுத்து வைக்கிற தவறு). ஒவ்வொரு தடவையும் தோள் சரியாக ஏமாற்றியது, சுழலும் சரியாக இருந்தது. பந்தைப் பிடித்தபோது மட்டும் ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலுமாக இறங்கியிருந்தான். முதலில் பட்ட கால் பிவட் ஆகிவிட்டது, அதையே தூக்கிவிட்டான். அந்தத் துள்ளலை மட்டும் தனியாகப் பழக்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. ஒலாஜுவனைப் பற்றி எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி அந்த ஆறு வாரத்தில் வந்தது.

இந்தக் கால் எங்கிருந்து வந்தது? இங்கேதான் ரசிகர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். ‘பதின்ம வயதின் நடுவில்தான் பேஸ்கட்பாலையே தொட்டார், தொட்ட சில வருஷத்தில் அமெரிக்காவைக் கலக்கினார்’ என்பார்கள். தாமதமாகத் தொடங்கினார் என்பது உண்மைதான். 1963-ல் லாகோஸில், சிமென்ட் வியாபாரம் செய்த ஒரு யோருபா குடும்பத்தில் பிறந்தவர். நைஜீரியாவில் அப்போதும் இப்போதும் கால்பந்துதான் ராஜா. ஆனால் அவர் வெறும் கையோடு பேஸ்கட்பாலுக்கு வரவில்லை. கால்பந்தில் கோல்கீப்பர், அதோடு ஹேண்ட்பால் ஆட்டக்காரர். கோல்கீப்பர் செய்வதை யோசித்துப் பாருங்கள். எதிராளியின் இடுப்பைப் பார்த்துப் பந்து எந்தப் பக்கம் வரும் என்று கணிக்க வேண்டும், முன்கூட்டியே பாயாமல் காத்திருக்க வேண்டும், கடைசி நொடியில் பக்கவாட்டில் தள்ளிக் கையை நீட்ட வேண்டும். ஷாட்டை பிளாக் செய்கிற, அதாவது எறிந்த பந்தைக் கையால் தடுக்கிற சென்டருக்கும் வேலை அதுதான். கால்பந்துதான் தன் காலடிக்கு அடித்தளம் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஆனால் ‘கால்பந்து மட்டுமே காரணம்’ என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 1980-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் இன்னும் மூல வடிவம்தான். முதல் வருஷம் ஆட்டத்தில் இறக்காமல் உட்காரவைத்தார்கள். கோடை விடுமுறைகளில் ஃபோண்டே என்கிற பொது விளையாட்டு மையத்தில் மோசஸ் மலோனோடு மோதினார். மலோன் அப்போது என்பிஏவின் எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர். ஒரு கல்லூரிப் பையனுக்கு அப்படி ஒரு சீனியர் தினமும் முழங்கை கொடுத்துச் சொல்லித்தருகிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கோல்கீப்பர் கால், மலோனின் இடி, கை லாகவமாகப் பந்தைப் பிடிக்கும் ஹேண்ட்பால் பழக்கம், மூன்றும் சேர்ந்த கலவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது என் கணிப்பு, நிரூபிக்கிற விஷயம் இல்லை.

கல்லூரியில் அவர் ஆடிய அணி 1982, 83, 84 என்று மூன்று வருஷமும் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தது. முதல் இரண்டு வருஷம் கிளைட் டிரெக்ஸ்லரும் கூட இருந்தார். மூன்று முறையும் பட்டம் கைநழுவியது. 1983 இறுதியாட்டத்தில் நார்த் கரோலைனா ஸ்டேட் கடைசி நொடி டங்க்கில் (எகிறிப் பந்தைக் கூடைக்குள் நேரே அமுக்குவது) 54-52 என்று வென்றது. தோற்ற அணியில் இருந்தும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஒலாஜுவனுக்குத்தான் கிடைத்தது. ‘தி டிரீம்’ என்ற பட்டப்பெயரும் அந்த நாட்களில் வந்ததுதான். அலட்டிக்கொள்ளாமல் அவர் டங்க் செய்வதைப் பார்த்துப் பயிற்சியாளர் கை லூயிஸ் வைத்த பெயர். 1984 டிராஃப்டில் (என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுப்பது) முதல் ஆளாக ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அவரை எடுத்தது. மூன்றாவதாகப் போனவர் மைக்கேல் ஜோர்டன். ஜோர்டனை விட்டுவிட்டு இரண்டாவதாக சாம் போவியை எடுத்த போர்ட்லாண்டை உலகம் இன்னும் கேலி செய்கிறது. ஹூஸ்டனை ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உங்கள் கேள்விக்கு இதுவே பாதி பதில் ஆகிவிடும்.

சரி, எண்கள். எல்லாவற்றையும் கொட்ட மாட்டேன். மொத்தம் 3,830 பிளாக், என்பிஏ பதிவுகளில் இன்றுவரை முதலிடம். இங்கே ஒரு அடைப்புக்குறி போட்டாக வேண்டும். என்பிஏ பிளாக்கை எண்ண ஆரம்பித்ததே 1973-74 சீசனில்தான். பில் ரசலும் வில்ட் சேம்பர்லினும் அதற்கு முன்பே ஆடி முடித்துவிட்டார்கள். அதனால் ‘எல்லாக் காலத்திலும் அதிகம் பிளாக் செய்தவர்’ என்று ரசிகர்கள் சொல்லும்போது ‘எண்ணத் தொடங்கியதிலிருந்து’ என்று நான் சேர்த்துக்கொள்வேன். என்னை அதைவிட ஆச்சரியப்படுத்துவது 1988-89 சீசன். 282 பிளாக், 213 ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது). ஒரே சீசனில் இரண்டிலும் 200 தாண்டியவர் அவர் ஒருவர்தான். ஸ்டீல் என்பது குட்டையான கார்டுகளின் சொத்து. ஒரு சென்டர் அதில் வாழ்நாளில் 2,162 எடுத்திருக்கிறார்.

இன்னொரு சம்பவம் ரசிகர்கள் மத்தியில் அடிக்கடி குழம்பிக் கிடக்கும். 1990 மார்ச் மாதத் தொடக்கத்தில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக அவர் குவாட்ரூபிள் டபுள் (ஒரே ஆட்டத்தில் நான்கு கணக்குகளில் 10 அல்லது அதற்கு மேல்) எடுத்ததாக அறிவித்தார்கள். பின்பு என்பிஏ வீடியோவைச் சரிபார்த்து, அசிஸ்ட் (சகா கூடை போட உதவும் பாஸ்) 10 இல்லை 9 என்று குறைத்துவிட்டது. ஆள் சலித்துக்கொண்டு உட்காரவில்லை. அதே மாதம் 29-ம் தேதி மில்வாக்கிக்கு எதிராக 18 புள்ளி, 16 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 11 பிளாக், 10 அசிஸ்ட். அதை யாராலும் குறைக்க முடியவில்லை.

இப்போது உங்கள் ‘ஜோர்டன் இல்லாத நேரம்’ வாதம். பாதி சரி. 1993-94 சீசன் முழுக்க ஜோர்டன் இல்லை. அந்த வருஷம் ஒலாஜுவனுக்கு எம்விபி, சிறந்த டிஃபெண்டர், ஃபைனல்ஸ் எம்விபி மூன்றும். மூன்றையும் ஒரே சீசனில் எடுத்தவர் இன்றுவரை வேறு யாரும் கிடையாது. முதல் இரண்டை ஒன்றாக எடுத்தவர்களே ஜோர்டன், ஒலாஜுவன், யானிஸ் ஆன்டெடோகௌம்போ என்று மூன்று பேர்தான். 1995 கதை வேறு. அந்த மார்ச்சில் ஜோர்டன் திரும்பிவிட்டார், பிளேஆஃபும் (லீக் ஆட்டங்கள் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் தொடர்கள்) ஆடினார், ஆர்லாண்டோவிடம் தோற்றார். அந்த ஆர்லாண்டோவைத்தான் ஃபைனல்ஸில் ஹூஸ்டன் 4-0 என்று துடைத்து எடுத்தது. ‘ஜோர்டன் முழு ஃபார்முக்கு வரவில்லை’ என்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன். அதே சமயம் ஜோர்டனின் சிகாகோ 1991-லிருந்து 1993 வரை தொடர்ந்து மூன்று பட்டம் வென்ற அந்த மூன்று சீசன்களில் ஹூஸ்டனோடு மோதிய 6 லீக் ஆட்டங்களில் 5-ல் ஹூஸ்டன் வென்றது. அதை வைத்து ‘ஃபைனல்ஸில் மோதியிருந்தால் நாங்கதான்’ என்று சொல்கிற ஹூஸ்டன்காரர்களையும் நான் நம்ப மாட்டேன். லீக் ஆட்டம் வேறு, ஏழு ஆட்டத் தொடர் வேறு. நடக்காத தொடருக்கு யாரும் தீர்ப்பு எழுத முடியாது.

நடந்த தொடர்களுக்கு எழுதலாம். அந்தக் காலத்தில் சென்டர் என்றால் நாலு பேர்: ஒலாஜுவன், பேட்ரிக் யூவிங், டேவிட் ராபின்சன், ஷக்கீல் ஓநீல். மற்ற மூவரையும் இவர் இரண்டு வருஷத்துக்குள் பிளேஆஃபில் நேருக்கு நேர் சந்தித்தார், மூவரையும் வென்றார். 1994 ஃபைனல்ஸில் யூவிங்கின் நியூயார்க். ஏழு ஆட்டம் வரை போனது. ஆறாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் 86-84 என்று இரண்டே புள்ளி முன்னால், தோற்றால் பட்டம் போய்விடும். கடைசி நொடியில் ஜான் ஸ்டார்க்ஸ் மூன்று புள்ளி ஷாட்டுக்கு எழும்புகிறார். அவரைக் காக்க வேண்டியவர் ஒலாஜுவன் இல்லை. ஸ்கிரீனை (வழிமறித்து நிற்கும் எதிரணி ஆளை) தாண்டி வெளியே பாய்ந்து, விரல் நுனியால் அந்தப் பந்தைத் தொட்டார். அவ்வளவுதான், தொடர் ஏழாவது ஆட்டத்துக்குப் போனது, ஹூஸ்டனுக்கு முதல் என்பிஏ பட்டம் வந்தது.

அடுத்த வருஷம் இன்னும் ருசியானது. 47 வெற்றியோடு லீக்கின் மேற்குப் பாதியில் ஆறாவது இடத்தில் தத்தளித்த அணி. வழியில் நின்றவை 60 வெற்றி யூட்டா, 59 வெற்றி ஃபீனிக்ஸ், 62 வெற்றி சான் அன்டோனியோ, 57 வெற்றி ஆர்லாண்டோ. ஃபீனிக்ஸிடம் 3-1 என்று பின்தங்கி அதிலிருந்து மீண்டார்கள். ஆறாவது இடத்திலிருந்து பட்டம் வென்ற அணி அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. சான் அன்டோனியோ தொடரில் இரண்டாவது ஆட்டத்துக்கு முன்பு ராபின்சனுக்கு அந்த வருஷத்தின் எம்விபி கோப்பையைக் கொடுத்தார்கள், ஒலாஜுவன் கண்ணெதிரில். அன்றைக்கு ஒலாஜுவன் 41 புள்ளி. தொடர் முழுக்கச் சராசரி 35. கோப்பையைப் பார்த்துக் கோபம் கொண்டு ஆடினார் என்பது ரசிகர்களின் பிரியமான கதை. மனசுக்குள் என்ன ஓடியது என்று வீடியோவில் தெரியாது. ராபின்சன் மோசமாகத் தடுத்தார் என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். அவர் 1992-ல் சிறந்த டிஃபெண்டர் விருது வாங்கியவர், சரியான இடத்தில்தான் நின்றார். சரியான இடத்தில் நின்றும் ஏமாந்தார் என்பதால்தான் அந்தக் காட்சிகளை 30 வருஷமாகப் போட்டுப் பார்க்கிறோம்.

பாசம் எங்கே மிகையாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்குப் பேசுகிறவர்கள் அவரைத் தொடக்கத்திலிருந்தே சாந்தமான முனிவர் போலச் சித்தரிக்கிறார்கள். இளம் வயதில் ஆள் சுள்ளென்று எரிவார். 1986-ல் லேக்கர்ஸை வீழ்த்திய அந்தப் புகழ்பெற்ற ஐந்தாவது ஆட்டத்தில், சக ஆட்டக்காரர் ரால்ஃப் சாம்ப்சன் கடைசி நொடியில் உடம்பை முறுக்கிப் போட்ட ஷாட் உள்ளே விழுந்தபோது ஒலாஜுவன் கோர்ட்டிலேயே இல்லை. லேக்கர்ஸின் மிட்ச் கப்சக்கோடு அடிதடியில் இறங்கி வெளியேற்றப்பட்டிருந்தார். 1992-ல் அணி நிர்வாகத்தோடு பெரிய சண்டை. காயம் என்று பொய் சொல்கிறார் என்று நிர்வாகம் சந்தேகப்பட, வேறு அணிக்கு மாற்றுங்கள் என்று இவர் கேட்கும் அளவுக்குப் போனது. பந்தைச் சகாக்களுக்குக் கொடுக்கிற விஷயத்திலும் அவர் தாமதமாகத்தான் தேறினார். 1991-92-ல் ஆட்டத்துக்குச் சராசரி 2.2 அசிஸ்ட். ரூடி டாம்ஜானோவிச் பயிற்சியாளராகி, அவரைச் சுற்றிலும் தூரத்திலிருந்து போடக்கூடியவர்களை நிறுத்திய பிறகு அடுத்த சீசனில் 3.5. இருவர் வந்து சூழ்ந்தால் வெளியே எறி, ஒருவர் வந்தால் நீயே முடி. இன்றைக்கு எல்லா அணியும் செய்வதை அன்றைக்கே செய்த அமைப்பு. ஒலாஜுவனைத் தனி ஆளாகப் புகழ்கிறவர்கள் கென்னி ஸ்மித், ராபர்ட் ஹாரி, மாரியோ எலி போன்றவர்களை மறந்துவிடுகிறார்கள்.

ஆட்டத்துக்கு வெளியே இருக்கிற மரியாதைக்கும் காரணம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்ட வாழ்க்கையின் நடுவில் இஸ்லாம் மார்க்கத்தில் ஆழமாக இறங்கினார். 1991-ல் ‘அக்கீம்’ என்று எழுதிவந்த பெயரை ‘ஹக்கீம்’ என்று திருத்தினார். ரமலான் மாதத்தில் நோன்பு வைத்துக்கொண்டே ஆடினார், பகல் ஆட்டங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல். 1995 பிப்ரவரி முழுக்க ரமலான். அந்த மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் போனது. நட்சத்திரங்களின் ஷூக்கள் நூறு டாலரைத் தாண்டி விற்றபோது, ஸ்பால்டிங் நிறுவனத்தோடு சேர்ந்து 35 டாலர் அளவில் ஒரு ஷூவைத் தன் பேரில் இறக்கினார். ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஷூவுக்காக ஏங்கக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். ஹூஸ்டனில் பழைய வங்கிக் கட்டடம் ஒன்றை வாங்கி இஸ்லாமிய மையமாக்கினார். கடைசி சீசனை டொராண்டோவில் ஆடினார். ரசிகர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் பேசப் போவதில்லை.

பாசமா, ஆதாரமா என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சோதனை, ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது. ரசிகனுக்கு மலரும் நினைவு இருக்கலாம், ஆடுகிறவனுக்கு அதில் லாபமில்லை. 2009 கோடையில் கோபி பிரையன்ட் அவரிடம் போய்க் கற்றார். கையில் அப்போது 4 பட்டம். அடுத்து டிவைட் ஹோவர்ட். 2011 ஃபைனல்ஸில் தோற்ற கையோடு லெப்ரான் ஜேம்ஸ். கேமரூனில் பதின்ம வயதில் ஆட ஆரம்பித்த ஜோயல் எம்பீட், ஒலாஜுவன் வீடியோக்களைப் பார்த்துத் தன் ஆட்டத்தை வடிவமைத்தார், 2023-ல் எம்விபி ஆனார். அமெரிக்காவுக்கு வெளியே பிறந்து எம்விபி வாங்கிய முதல் ஆள் ஒலாஜுவன். ஆண்டுதோறும் சிறந்த டிஃபெண்டருக்குத் தரும் கோப்பைக்கு 2022-லிருந்து அவர் பெயர்.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். முதலில் 1995 சான் அன்டோனியோ தொடரின் இரண்டாவது ஆட்டம், முழு ஆட்டமாகவே. தொகுப்பு வீடியோக்களில் கூடை விழுவது மட்டும்தான் இருக்கும், அதற்கு முந்தைய மூன்று முறை அவர் எப்படிப் பொறி வைத்தார் என்பதை வெட்டியிருப்பார்கள். அதன்பின் 1994 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம். நேரம் இருந்தால் 1987 பிளேஆஃபில் சியாட்டிலிடம் இரட்டை ஓவர்டைமில் தோற்ற ஆட்டம். 49 புள்ளி, 25 ரீபவுண்ட் எடுத்தும் அணி வெளியேறியது. சான் அன்டோனியோ ஆட்டத்தை இரண்டாம் தடவை பார்க்கும்போது வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பந்தையும் ஒலாஜுவனையும் விட்டுவிட்டு ராபின்சனின் பாதங்களை மட்டும் பாருங்கள்.